அழிப்பதற்கு முன்



பொம்மிடியில் கூடும்போதெல்லாம் நம் கண் தண்டவாளத்தின் பக்கம் போய்விடுகிறது. 2013 ஜூலை 4 அன்று தருமபுரியில் இளவரசன் கிடந்தது தண்டவாளத்தின் ஓரத்தில். 2015 ஜூன் 24 அன்று பள்ளிப்பாளையம் அருகே கோகுல்ராஜ் கிடந்ததும் தண்டவாளத்தில்தான். இரண்டாவது வழக்கில் ஒரு புதிய சங்கதி இருந்தது. முதன்மைக் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் மற்றவர்களுக்கும் 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. போன் போனாகக் கைமாறும் அப்படிப்பட்ட பதிவுகளை யார் நிறுத்துவது? இன்று அதைத்தான் பேசப்போகிறோம்.

ஃபேஸ்புக் பதிவை நிறுவனமே படித்து நீக்கலாம். வாட்ஸ்அப் அப்படியல்ல. 2016 முதல் அதில் போகும் செய்தி பூட்டிய பெட்டி. சாவி அனுப்புபவர், பெறுபவர் போன்களில் மட்டும். உள்ளே என்ன வசவு இருக்கிறதென்று நிறுவனத்துக்கே தெரியாது. அதனால் அது வேகத்தைத்தான் குறைக்கிறது. 2018 மே மாதம் போளூர் அருகே, பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற வதந்தியால் ஒரு மூதாட்டியை அடித்துக் கொன்றார்கள். நாட்டின் பல இடங்களிலும் இப்படி நடந்த பிறகு, அந்த ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வரம்பு வந்தது. நாம் 'ரிப்போர்ட்' அழுத்தினால் கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். அவ்வளவுதான்.

மாஸ்டடான், மேட்ரிக்ஸ் போன்றவற்றில் ஒற்றை முதலாளியே இல்லை. ஆளுக்கொரு சர்வர், சர்வருக்கொரு காப்பாளர், அவரவர் விதி. 2019 நவம்பரில், ட்விட்டர் தலித் குரல்களை முடக்குகிறது என்ற கோபத்தில் பலர் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதன் பெரிய சர்வரின் விதிகளில் இன்று இனவெறியோடு சாதிவெறியும் தடைப்பட்டியலில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் சாதிப் பெயரைச் சொல்லாமலேயே சாதியைச் சொல்லித் திட்டத் தெரிந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். 'காலனிக்காரன்', 'கோட்டாவில் வந்தவன்' என்பதில் இருக்கும் விஷம் எங்கோ ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் காப்பாளருக்கு எப்படித் தெரியும்? அவரை விட்டுத் தள்ளுங்கள், நம் கல்லூரிக் குழுக்களின் அட்மின்களுக்கே தெரிவதில்லை.

முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்தால் போதுமே என்பார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018இல் தொடங்கிய வழக்கு ஒன்றில் இது நீண்ட விவாதமானது. 2021இல் ஒன்றிய அரசு விதியாகவே கொண்டுவந்தது. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நாம் இதை ஆதரிக்கவில்லை. வசைபாடியவரைக் காட்டும் அதே கருவி, எரிந்த குடிசையைப் படமெடுத்து முதலில் அனுப்பிய பெண்ணையும் காட்டும். காவல் நிலையம் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்பது நமக்குத் தெரியாததா?

ஆகவே நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவிலேயே ஓர் இழிவான குரல்பதிவு வந்தது. கோபத்தில் அனுப்பியவரை நீக்கினோம், பதிவையும் எல்லோரும் அழித்தோம். புகார் கொடுக்கப் போனபோது காட்ட ஒன்றுமில்லை. தவறு எங்களுடையது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு 'பொதுப் பார்வையில்' நடந்த இழிவைக் கேட்கிறது. இணையத்தில் ஏற்றிய இழிவும் பொதுப் பார்வைதான் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. மூடிய குழு என்றால் எதிர்த்தரப்பு அங்கேதான் வாதாடும். பகையும் வெறுப்பும் தூண்டுவதைத் தண்டிக்கும் 3(1)(யூ) பிரிவில் அந்தச் சொற்கள் இல்லை. புகாரில் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

பதிவு வந்ததும் அனுப்பியவரின் எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். கண்டிப்பதற்காகக்கூட வேறு குழுக்களுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். அவர்கள் வேலையை நாம் செய்ததாகிவிடும். அதன்பிறகு அட்மின் அதைக் குழுவிலிருந்து நீக்கட்டும். மூலப்பதிவு இருக்கும் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழுக்கு அந்தப் போன் தேவைப்படும். சான்றிதழில் இரண்டு பகுதி: ஒன்றில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், மற்றதில் நிபுணர்.