எந்த இருட்டுக்கு இந்த டார்ச்?

டார்ச் லைட் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சோதிக்கிறார்கள். கடைக்காரர் எடுத்துத் தரும் நாலைந்து டார்ச்சுகளை ஒவ்வொன்றாக எதிர்ச்சுவரில் அடித்துப் பார்த்து, எது கண்ணைப் பறிக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். ஆன்லைனில் வாங்குகிறவருக்குச் சுவர் கிடையாது. அவர் டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் லூமென் எண்ணைப் பார்க்கிறார். இரண்டும் ஒரே சோதனைதான். சுவிட்சைப் போட்ட முதல் சில விநாடிகளில் டார்ச் எவ்வளவு வெளிச்சம் காட்டும் என்பதற்கு மேல் அவற்றிலிருந்து எதுவும் தெரியாது. மோட்டார் போட வயலுக்குப் போய்த் திரும்பும் அரை மணி நேரத்தைப் பற்றியோ, புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத ஐந்தாவது இரவைப் பற்றியோ அந்தச் சோதனையில் பதில் இல்லை. எந்த இருட்டில், எவ்வளவு தூரத்துக்கு, எத்தனை மணி நேரம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, லூமென் எண்ணைக் கடைசியாகப் பார்ப்பவர்தான் ஏமாறாமல் வாங்குகிறார்.

லூமென் என்பது ஒரு விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. மெழுகுவத்தி ஏறக்குறைய 12 லூமென் தரும். பழைய 60 வாட் குண்டு பல்பு 800 லூமென் வரை தரும். காரின் ஹாலஜன் ஹெட்லைட் பல்பு ஒன்று ஹைபீமில் சுமார் 1,650 லூமென். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஆயிரம் ரூபாய்க்குள் விற்கும் கைக்கடக்கமான டார்ச்சின் மேல் ‘1,00,000 லூமென்’ என்று போட்டிருப்பதைப் படியுங்கள். அறுபது ஹெட்லைட்டுகளின் ஒளி உள்ளங்கைக்குள் இருக்கிறது என்கிறது அந்த டப்பா. அது நடக்காத காரியம் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். டார்ச்சுக்குள் இருக்கும் எல்இடி ஒரு வாட் மின்சாரத்துக்கு 100 லூமென் அளவில் ஒளி தருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் லூமெனுக்கு 1,000 வாட் வேண்டும், அதாவது ஓர் அயர்ன் பாக்ஸ் இழுக்கும் மின்சாரம். ரீசார்ஜபிள் டார்ச்சுகளில் இன்று பரவலாக இருப்பது 18650 என்ற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டதால் அந்தப் பெயர். 3.6 வோல்ட்டில் 3,000 எம்ஏஎச் கொண்ட நல்ல செல்லில் 10.8 வாட்-மணி மின்சாரம் இருக்கும். 1,000 வாட் இழுத்தால் அது 40 விநாடிகூடத் தாங்காது. உண்மையில் அந்தச் சிறிய செல்லால் அவ்வளவு மின்சாரத்தை ஒரேயடியாக வெளிவிடவே முடியாது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வாங்குகிறவருக்கு ஒரு நல்ல கருவி கிடைக்கும். அப்படி ஒரு செல், 1,000 லூமெனை ஏறக்குறைய ஒரு மணி நேரம் தரும். 200 லூமெனை ஐந்து மணி நேரம் தரும். 100 லூமெனானால் பத்து மணி நேரம். டப்பாவில் இருக்கும் லூமெனையும் மணி நேரத்தையும் பெருக்கிப் பாருங்கள். 18650 செல் ஒன்று மட்டும் உள்ள டார்ச்சில் விடை 1,500-ஐத் தாண்டினால் அந்த இரண்டு எண்களும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. அதிக வெளிச்சத்துக்கான லூமெனையும் குறைந்த வெளிச்சத்துக்கான நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

போலிகளை ஒதுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. நேர்மையான தயாரிப்பாளர்களின் எண்களையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு டார்ச்சை இன்னொன்றோடு ஒப்பிட வழியில்லாமல் இருந்த நிலையில், 2009-ல் அமெரிக்காவில் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்-1 என்ற அளவீட்டு முறை வந்தது. அதைப் பின்பற்றுவது கட்டாயமில்லை என்றாலும் பெயர் பெற்ற கம்பெனிகள் பலவும் பின்பற்றுகின்றன. அதன்படி லூமெனை, டார்ச்சைப் போட்ட 30 விநாடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் அளக்க வேண்டும். எரியும் நேரத்தை, வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை கணக்கிட வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும். ‘1,000 லூமென், 3 மணி நேரம்’ என்று போட்டிருக்கும் டார்ச், முதல் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் 1,000 லூமென் காட்டிவிட்டு 300-க்கு இறங்கி, மீதி நேரம் முழுவதும் அங்கேயே நின்று, கடைசியில் 100-ஐத் தொட்டு முடியலாம். விதி எதுவும் மீறப்படவில்லை. மோசடி என்றும் சொல்ல முடியாது. எல்இடி தனக்கு வரும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாக மாற்றுகிறது. சின்ன உலோகக் குழாயால் அவ்வளவு வெப்பத்தையும் வெளியேற்ற முடியாது. எனவே உள்ளே இருக்கும் சர்க்யூட், எல்இடியும் பிடித்திருக்கும் கையும் சூடு தாங்காமல் போவதற்கு முன்பே வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. அப்படிக் குறைக்காமல் விடுகிற டார்ச்தான் மோசமானது.

ஆகவே கேட்க வேண்டியது ஐந்து நிமிடத்துக்குப் பிறகு எத்தனை லூமென் என்பதை. நல்ல கம்பெனிகள் இதைக் கையேட்டில் வரைபடமாகவே போடுகின்றன. வெளிச்சத்தைக் காட்டும் கோடு ஒரு மட்டத்தில் நேராகப் போய்க் கடைசியில் விழுந்தால், செல் தளர்ந்தாலும் வெளிச்சத்தைக் காப்பாற்றும் சர்க்யூட் உள்ளே இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே சரிந்துகொண்டு போனால் அது இல்லை. வரைபடமே இல்லாத டார்ச்சுகள்தான் கடைகளில் அதிகம் என்பதால், அவற்றின் உச்ச எண்ணைவிட நடு எண்ணை, அதாவது ‘மீடியம்’ அளவை நம்பி வாங்குவது நல்லது. இரவு முழுவதும் கூட வரப்போவது அந்த வெளிச்சம்தான்.

அடுத்தது தூரம். ‘300 மீட்டர் வரை பாயும்’ என்றால் 300 மீட்டரில் நிற்கும் ஆளின் முகம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். எஃப்எல்-1 முறையில் பாயும் தூரம் என்பது, வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆகத் தேயும் இடம். அது ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளியின் அளவு. அங்கே ஏதோ நிற்கிறது என்று தெரியலாம். மாடா, பன்றியா என்று சொல்வது கடினம். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும் என்பதால், அதே டார்ச் 150 மீட்டரில் 1 லக்ஸும் 75 மீட்டரில் 4 லக்ஸும் தரும். நிச்சயமாக அடையாளம் காணும் தூரம், போட்டிருப்பதில் மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. இரு மடங்கு தூரம் பார்க்க நான்கு மடங்கு கூர்மையான ஒளி வேண்டும் என்பதும் இதே விதியின் மறுபக்கம். அதனால் தூரத்தை முடிவு செய்வதில் மொத்த லூமெனைவிட, ஒளியை எவ்வளவு ஒடுக்கி அனுப்புகிறது என்பதற்கே பங்கு அதிகம். பழைய மூன்று கட்டை டார்ச்சின் பல்பு தந்தது சில பத்து லூமென்தான். அகலமான கண்ணாடிக் கிண்ணம் அதை ஒரு புள்ளியில் குவித்ததால் தோப்பின் மறுகோடி வரை தெரிந்தது.

அப்படியானால் ஒடுங்கிய ஒளியே சிறந்ததா? தோட்டக் காவலுக்கும் கரையிலிருந்து படகைத் தேடுவதற்கும் அதுதான் சரி. காலடி பார்த்து நடக்க அது உதவாது. நடுவில் ஒரு வெள்ளை வட்டம் கண் கூசும் அளவுக்கு இருக்கும், சுற்றிலும் இருட்டு இன்னும் கெட்டியாகத் தெரியும். கன்னியாகுமரி மாவட்டத்தில் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் மாட்டியிருக்கும் லைட்டைக் கவனித்தால் இது விளங்கும். மரத்துக்கும் கண்ணுக்கும் இடையில் கைநீட்டும் தூரம்தான். அங்கே வேண்டியது, பரவலாக விழுந்து பட்டையின் வெட்டுக்கோட்டைக் காட்டுகிற மிதமான ஒளி. இரண்டு கையும் வேலைக்கு ஒழிந்திருக்க வேண்டும். அந்த வேலைக்கு 5,000 லூமென் தொந்தரவு. பளிச்சென்ற ஒளியைப் பார்த்த கண், இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெளிச்சத்தைத் தணிக்கும் வசதி டார்ச்சில் இருந்தாக வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணம்.

இங்கே பாம்பைப் பற்றிப் பேசாமல் தாண்டிப் போக முடியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலானவர்கள் கிராமத்து மக்கள். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இரவில் நடமாடுபவை. இரவில் நடக்கும்போது விளக்கை எடுத்துச் செல்லுங்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பாம்புக்கடி வழிகாட்டியே சொல்கிறது. நம் ஊரில் டார்ச் உயிர் காக்கும் பொருள். அதனால்தான் வெளிச்சத்தின் நிறமும் முக்கியமாகிறது. வெள்ளை எல்இடி என்பது, நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பரம் பூசியது. மலிவான வகைகளில் நீலம் தூக்கலாகவும் சிவப்பு குறைவாகவும் இருக்கும். சுவரில் அடித்தால் அதுதான் பளீரென்று தெரியும். ஆனால் பழுப்பு, செம்மண், காய்ந்த இலை எல்லாம் அதில் ஒரே சாம்பலாகிவிடும். சருகுக்குள் சருகு நிறத்தில் கிடக்கும் கண்ணாடி விரியனைப் பிரித்துக் காட்ட, சற்றே மஞ்சள் கலந்த வெண்மை உதவும். டப்பாவில் ஒளியின் நிறம் 4,000 முதல் 5,000 கெல்வின் என்றும், நிறம் காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ 90 என்றும் இருந்தால், லூமென் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அதையே எடுங்கள்.

டார்ச்சுகளை அதிகம் சாகடிப்பது பேட்டரிதான். பின்பக்கம் இரண்டு பின் நீட்டிக்கொண்டு நேராக பிளக்கில் செருகும் பிளாஸ்டிக் டார்ச்சுகள் பலவற்றில் இருப்பது 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. அது சும்மா இருந்தாலும் மெல்ல மெல்லச் சார்ஜ் இழக்கும். இழந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து மீளாமல் போகும். அலமாரியில் வைத்தது ஆபத்து நேரத்தில் எரியவில்லை என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்த வகையில் பலவற்றில் வீட்டு மின்சாரத்தைப் பிரித்து வைக்கும் டிரான்ஸ்பார்மரும் இருப்பதில்லை. சார்ஜ் ஏறும்போது எடுத்துப் பயன்படுத்துவது ஆபத்து. சாதாரண பேட்டரிக் கட்டையில் வேறு தொல்லை. அதன் துத்தநாக உறையே மின்சாரம் தந்து கரைகிறது. ஓட்டை விழுந்ததும் உள்ளிருப்பது கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். கழற்றித் தனியே வைத்தால் தீர்ந்தது. லித்தியம் செல்லில் கவனிக்க வேண்டியது போலி. 18650 அளவில் நல்ல கம்பெனிகளின் செல்லே 3,500 எம்ஏஎச்சைச் சுற்றித்தான் இருக்கும். ‘9,900 எம்ஏஎச்’ என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். நல்ல செல் தராசில் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். போலிகள் பல அதைவிட லேசாக இருக்கும்.

கையில் செல்போன் இருக்கும்போது டார்ச் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் சாவி தேடவும் மாடிப்படி ஏறவும் போன் வெளிச்சம் தாராளம். ஆனால் அது குவியாத ஒளி; சில மீட்டருக்கு மேல் மங்கிவிடும். மழையில் தயக்கத்தோடுதான் வெளியே எடுப்போம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்த பின், டெல்டா கிராமங்கள் பலவற்றுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் போனில் மிச்சமிருக்கும் சார்ஜ், ஆம்புலன்ஸை அழைக்கவும் உறவினருக்குத் தகவல் சொல்லவும் தேவை. அதை வெளிச்சத்துக்குச் செலவழிக்கக் கூடாது. புயல் பாதையில் இருக்கும் வீட்டில், யுஎஸ்பியில் சார்ஜ் ஏறும் டார்ச் ஒன்றும், பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் எரியும் டார்ச் ஒன்றும் இருக்கட்டும். இரண்டாவது 100 லூமென் தந்தால் போதும். வெள்ளைக் கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைத்தால் ஓர் அறையே வெளிச்சமாகும்.

அதிக லூமென் உள்ளதை வாங்கித் தணித்துப் பயன்படுத்தினால் என்ன நஷ்டம் என்பது இன்னொரு கேள்வி. நியாயமானதுதான். சர்க்யூட் நன்றாக இருந்தால் நஷ்டமில்லை. மலிவு டார்ச்சுகளிலோ மெல்லிய வெளிச்சத்துக்கு வர, பளீர் வெளிச்சத்தையும் விட்டுவிட்டு மின்னும் அவசர மோடையும் தாண்டித்தான் வர வேண்டும். பதற்றத்தில் பட்டனை அமுக்கும் வயதானவரின் கையில் அது மின்னிக்கொண்டே இருக்கும். ஒரே அமுக்கில் எரிந்து, மறு அமுக்கில் அணையும் டார்ச்சுக்கு முன்னுரிமை கொடுங்கள். விலை அதிகமாகிறதே என்றால், ஆண்டுக்கு ஒன்றாகத் தூக்கியெறியும் மலிவு டார்ச்சுகளின் மொத்த விலையையும் எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் விஷயம் எளிது: நீர் தாங்கும் தரக்குறியீடு மழைக்கு ஐபிஎக்ஸ்-4 போதும், கிணற்றடிக்கும் படகுக்கும் ஐபிஎக்ஸ்-7 வேண்டும்.

வாங்கி வந்த அன்றே முழுதாகச் சார்ஜ் ஏற்றி, இரவில் மாடியிலோ தெருக்கோடியிலோ நின்று போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை அதே மரத்தில் அடித்துப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் தேதி முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.