பச்சைப் பட்டனுக்கு வந்த சோதனை! பழைய ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டரில் விண்டோசை மாற்றலாமா?

மும்பை லாமிங்டன் ரோட்டில் பார்ட் பார்ட்டாக வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், ஒரு காலத்தில் சில வீடுகளில் டெலிவிஷன் பெட்டிக்கு அடியில் இடம் பிடித்தது. கணக்குப் போட அல்ல, கடிதம் அடிக்கவும் அல்ல. படம் பார்க்க, பாட்டுக் கேட்க, டெலிவிஷன் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய!

"ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்" என்று அதற்குப் பெயர். ஒரு வயர் டெலிவிஷனுக்குப் போகும். இன்னொன்று ஸ்பீக்கருக்கு. கீபோர்டும் மவுசும் அலமாரிக்குள் தூங்கும். கையில் ரிமோட் மட்டும்.

அவற்றில் இன்னும் மூச்சு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகள் உண்டு. உள்ளே இருக்கும் பழைய விண்டோசை மாற்றுவதா, அப்படியே விடுவதா என்பதுதான் அந்த வீடுகளில் இப்போது பேச்சு.

"புதுசு வந்தால் போட வேண்டியதுதானே! இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஆன்டாப் ஹில்லில் ஒரு வீட்டில் நடந்ததைக் கேட்டால் புரியும்.

ஆச்சியின் ரிமோட்

அந்த வீட்டுக்காரருக்குப் பல்லார்டு எஸ்டேட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க் வேலை. பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. 2010-ம் ஆண்டு போனஸ் பணத்தில் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். இன்டெல் கோர் ஐ-3 சிப்பு, விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம், டி.வி. டியூனர் கார்டு ஒன்று.

விண்டோஸ் 7-ல் "மீடியா சென்டர்" என்று ஒரு பகுதி இருந்தது. நாற்காலியில் சாய்ந்தபடி, பத்தடி தள்ளி இருந்து பார்க்கிறவருக்காகச் செய்தது. எழுத்தெல்லாம் பெரிது. அதற்கென்றே வந்த ரிமோட்டில் பச்சை நிறத்தில் ஒரு பட்டன். எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் அதை ஒரு தட்டுத் தட்டினால் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம்.

அந்தப் பட்டனை வீட்டில் அதிகம் தட்டுகிறவர் கிளார்க்கின் தாயார். வயது 81. இங்கிலீஷ் தெரியாது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்ப்பதே இல்லை. பச்சை, கீழே இரண்டு, ஓ.கே. அவ்வளவுதான் அவருடைய கம்ப்யூட்டர் படிப்பு.

அப்படித் தட்டி அவர் பார்ப்பது என்ன? 1998-ல் ஊரில் நடந்த தங்கள் அறுபதாம் கல்யாணம். கணவர் 2007-ல் காலமாகிவிட்டார். அந்த வீடியோவில் அவர் பந்தியில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சத்தம் போடுகிறார். அவருடைய குரல் பதிவாகியிருப்பது அந்த ஒரே இடத்தில்தான்.

மூலக் கேசட் இப்போது இல்லை. மும்பை மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போயிற்று. நல்ல வேளையாக 2011-ல் பழைய வி.சி.ஆரை டியூனர் கார்டில் மாட்டி, மீடியா சென்டரிலேயே பதிந்து வைத்திருந்தார் மகன். அதோடு அப்போது பொதிகை என்ற பெயரில் இருந்த டிடி தமிழ் சேனலின் கச்சேரிகள், பழைய படங்கள் என்று நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள்.

பேரனின் புகார் வேறு. யூடியூப் திக்கித் திணறுகிறது. ஓ.டி.டி. தளங்கள் திறக்க மறுக்கின்றன. "அப்பா, இது மியூசியத்துக்குப் போக வேண்டியது" என்று ஒரே தொந்தரவு.

"எலே, என்னத்தையும் மாத்திக்கோ. இந்தப் பச்சைப் பட்டனை மட்டும் மாத்திராத" என்று ஆச்சி சொல்லிவிட்டார்.

கழற்றிவிட்டது யார்?

ஆச்சியின் பயம் நியாயமானது. 2002-ல் விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் பிறந்தது மீடியா சென்டர். விஸ்டாவிலும் 7-லும் சில பதிப்புகளில் சேர்ந்தே வந்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல், தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய சரக்காயிற்று. 2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்தபோது அடியோடு எடுத்துவிட்டார்கள்.

விண்டோஸ் 10-ஐ ஓராண்டு காலம் மைக்ரோசாப்ட் இலவசமாகவே கொடுத்தது. இலவசம் என்றால் யார் விடுவார்கள்? தட்டினார்கள். கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டபோது மீடியா சென்டர் காணோம்! நிகழ்ச்சிகளைப் பதியும் வசதியும் அதோடு போயிற்று. முலுண்டில் கிளார்க்கின் நண்பர் ஒருவர் அப்படித்தான் ஏமாந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நம்மவர் 2015-ல் மாற்றவில்லை.

பதிவுகளின் கதை இன்னும் சிக்கல். விண்டோஸ் 7-ன் மீடியா சென்டர் தன் பதிவுகளை "டபிள்யூ.டி.வி." என்ற தனி வகைக் கோப்பாகச் சேமிக்கும். வி.எல்.சி. போன்ற இலவச பிளேயர்கள் அதைத் திறக்கும். ஆனால் நகல் எடுக்கக் கூடாது என்ற குறியோடு பதிவானது என்றால் வேறு எங்கும் திறக்காது. மாற்றிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

துறைமுகத்தில் நடந்தது

அப்படியானால் மாற்றாமலே இருந்துவிடலாமா? பழசையே கட்டிக்கொண்டு அழலாமா?

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-டன் நின்றுவிட்டன. 2023 தொடக்கத்தில் கூகுள் குரோமும் அதற்குப் புதிய பதிப்பு தருவதை நிறுத்திக்கொண்டது. பேரனுக்குத் தளங்கள் திறக்காததற்கு இதுவே காரணம். திறக்காதது தொந்தரவு மட்டுமே. திறந்த வழியாகத் திருடன் வருவது ஆபத்து.

கிளார்க்குக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2017 ஜூன் கடைசியில் உலகெங்கும் பரவிய "நாட்பெட்யா" வைரஸ், ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமம் நடத்திய முனையத்தையும் முடக்கியது. கன்டெய்னர்கள் தேங்கின. அந்த நாட்களில் வேலை எப்படி நடந்தது என்று கப்பல் ஏஜென்சிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் பெருமூச்சு விடுவார்கள். வைரஸ் நுழைந்த ஓட்டைகளில் ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாத கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன.

துறைமுகத்துக்கு ஆள் பலம் உண்டு, பணம் உண்டு. மீண்டும் எழுந்துவிட்டது. ஆன்டாப் ஹில் வீட்டில் ஒரே ஹார்டு டிஸ்க். அது போனால் பந்தியில் நின்று கூப்பிடும் அந்தக் குரலும் போயிற்று.

எந்தப் பக்கம் போவது?

விண்டோஸ் 10-க்கு மாறலாம் என்றால், அதன் ஆயுளும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பதிந்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. இடியப் போகிற வீட்டுக்குக் குடக்கூலி முன்பணம் கொடுப்பது போலத்தான்.

விண்டோஸ் 11 என்றால், வாசலிலேயே சோதனை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். 2010-ம் ஆண்டுப் பெட்டி முதல் தலைமுறை! குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றியவற்றுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று உறுதி கிடையாது.

லாமிங்டன் ரோட்டில் ஒரு கடைக்காரர், பெட்டியைக் கொண்டுவந்தால் ஃபார்மட் அடித்து அரை மணி நேரத்தில் புதுசு போட்டுத் தருவதாகச் சொன்னார். இந்த "ஃபார்மட்" என்ற சொல்லைக் கேட்டால் உஷாராக வேண்டும். டிஸ்க்கைத் துடைத்து எடுப்பது என்று அதற்கு அர்த்தம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் துடைக்கிற கடைக்காரர் குறைவு.

இந்த இடத்தில் மும்பை லோக்கல் ரெயில் நினைவுக்கு வருகிறது. இங்கே மின்சார ரெயில்கள் ஓடியது 1,500 வோல்ட் டி.சி. மின்சாரத்தில். அதை 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றும் வேலை மேற்கு ரெயில்வேயில் 2012-ல் முடிந்தது. சென்ட்ரல் மெயின் லைனில் 2015, ஹார்பரில் 2016. ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றினார்களா? இல்லை. இரண்டு மின்சாரத்திலும் ஓடக்கூடிய வண்டிகளை முதலில் வாங்கி விட்டார்கள். பழைய வண்டியும் ஓடியது. புது வண்டியும் ஓடியது. பயணிகள் ஆபீசுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில்தான் பழைய மின்சாரத்தை நிறுத்தினார்கள்.

கிளார்க் செய்ததும் அதுதான்.

முதலில் நகல்

முதல் வேலையாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். பிறகு பதிவுகள் அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்தார். அறுபதாம் கல்யாணத்தை மட்டும் "எஃப்.எஃப்.எம்.பெக்" என்ற இலவச மென்பொருளால் சாதாரண வீடியோக் கோப்பாக மாற்றினார். படத்தையும் ஒலியையும் தொடாமல் உறையை மட்டும் மாற்றுகிற வேலை என்பதால் தரம் குறையவில்லை. அந்தக் கோப்பைப் பேரனின் லேப்டாப்பில் போட்டு, தொடக்கம் முதல் கடைசி வரை ஓடவிட்டுப் பார்த்தார். பென் டிரைவில் ஒரு பிரதி திருநெல்வேலியில் உள்ள தங்கை வீட்டுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகே பெட்டியைத் திறந்தார். விண்டோஸ் 7 இருந்த டிஸ்க்கைத் துடைக்கவில்லை. கழற்றி எடுத்து, பெயர் எழுதி, பீரோவில் வைத்தார். அதன் இடத்தில் புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி. ஒத்துவராவிட்டால் பழையதைத் திரும்ப மாட்டினால் போதும். ஆச்சிக்கு அன்று சாயங்காலமே படம் ஓடும்.

புதிய டிஸ்க்கில் என்ன போடுவது? லினக்ஸ் மின்ட். விலை கிடையாது. அதன் மேல் "கோடி" என்ற மென்பொருள். மீடியா சென்டர் செய்த வேலையில் பெரும்பகுதியை இது செய்யும். எக்ஸ்.பி.எம்.சி. என்று இருந்த பெயரை 2014-ல் "கோடி" என்று மாற்றினார்கள். இதுவும் இலவசம்.

லினக்சை நேராக டிஸ்க்கில் ஏற்ற வேண்டும் என்பதில்லை. பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். படம் வருகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, ரிமோட் கேட்கிறதா என்று சோதித்துவிட்டு முடிவு செய்யலாம். அப்படிச் சோதித்ததில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. ஒலி அமைப்பில் எச்.டி.எம்.ஐ. என்பதைத் தேர்ந்தெடுத்ததும் வந்தது.

ரிமோட்? மீடியா சென்டர் ரிமோட்டின் ரிசீவர்களை லினக்ஸ் வெகு காலமாகவே அறியும். அம்புக்குறிகளும் ஓ.கே.யும் உடனே வேலை செய்தன. பச்சைப் பட்டனுக்கு மட்டும் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு மாலைப் பொழுது அதிலேயே கழிந்தது. கோடியின் முதல் பக்கத்தில் வேண்டாத வரிகளை மறைத்துவிடலாம். மறைத்து, பச்சை, கீழே இரண்டு, ஓ.கே. என்ற அதே கணக்குக்குக் கொண்டுவந்தார்.

நஷ்டம் இல்லையா?

உண்டு. டியூனர் கார்டு வேலையற்றுப் போயிற்று. 2012 நவம்பரில் மும்பையில் கேபிள் டிஜிட்டல் ஆனதில் இருந்து, செட்-டாப் பெட்டியில் இருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் இழுத்துத்தான் அது பிழைத்துக்கொண்டிருந்தது. இப்போது செட்-டாப் பெட்டி நேராக டெலிவிஷனுக்குப் போகிறது. புதிதாகப் பதிவு செய்யும் வசதி இல்லை.

ஓ.டி.டி. விஷயத்திலும் லினக்சை நம்பிப் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. நகல் தடுப்புக் காரணத்தால் சில தளங்கள் லினக்சுக்குக் குறைந்த தெளிவில்தான் படம் அனுப்பும். பேரனுக்கு டெலிவிஷனில் செருகும் ஸ்டிக் ஒன்று வாங்கிக் கொடுத்து அந்த வழக்கை முடித்தார்கள். 4கே படங்களை இழுக்கும் திராணி அந்தப் பழைய சிப்புக்கு இல்லை. எந்த இயக்க முறையைப் போட்டாலும் இழுக்காது. வண்டி மாட்டை மாற்றாமல் சாட்டையை மட்டும் மாற்றுகிற கதைதான்.

எல்லா வீட்டுக்கும் இதே வைத்தியம் பொருந்தாது. 2018-க்குப் பிறகு வாங்கிய பெட்டியாக இருந்து, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் என்றால், நகல் எடுத்துவிட்டுத் தாராளமாக மாறலாம். கோடி அதிலும் ஓடும். டிஸ்க்கில் இருக்கும் பாட்டையும் படத்தையும் மட்டும் போடுகிற பெட்டியா? இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு விண்டோஸ் 7-லேயே ஓட்டலாம். பேங்க் கணக்கு, ரெயில் டிக்கெட் எல்லாம் அதே பெட்டியில் பார்க்கிறவர் மட்டும் பழைய விண்டோசை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது.

ஆன்டாப் ஹில்லில் புதிய ஏற்பாடு தொடங்கிய அன்று ஆச்சி பச்சையைத் தட்டினார். படம் வந்தது. ஆனால் திரையின் நிறம் வேறு. "இது என் பெட்டி இல்லையே?" என்றார். மூன்று நாள் அந்தச் சந்தேகம் இருந்தது. நாலாம் நாள் கேட்கவில்லை.

அறுபதாம் கல்யாணம் தவிர மற்ற பதிவுகளை மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்றால் கிளார்க் வெளியே எங்கும் போவதில்லை. அன்று பத்துப் பத்தாக மாற்றுகிறார். இன்னும் அறுபது சொச்சம் பாக்கி.