முதல் படியே இல்லாத ஏணி: செயற்கை நுண்ணறிவும் தலித் பட்டதாரிகளும்

2025 ஜூலையில் நாட்டின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனமான டிசிஎஸ், தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்யப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு இதற்குக் காரணமல்ல என்றும் கூறியது. வெளியேற்றப்படுவோரைப் பற்றி ஊடகங்கள் விவாதித்தன. உள்ளே நுழையவே முடியாமல் போகக்கூடியவர்களைப் பற்றிய பேச்சு அதில் அரிதாகவே எழுந்தது.

இந்திய மென்பொருள் நிறுவனங்கள் பிரமிடு வடிவில் வளர்ந்தவை. மேலே சில மூத்த பொறியாளர்கள். அடியில் ஆயிரக்கணக்கான புதிய பட்டதாரிகள். எத்தனை பேர், எத்தனை மணிநேரம் உழைத்தார்கள் என்று கணக்கிட்டே வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பெருமளவு கட்டணம் பெறப்பட்டது. மென்பொருளைச் சோதித்தல், சிறு பிழைகளைத் திருத்துதல், பழைய நிரல்களைப் பராமரித்தல் ஆகியவையே புதியவர்களின் பணி. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் முதலில் செய்யத் தொடங்கியிருப்பவையும் இவற்றைத்தான். பிரமிடின் அடித்தளம் சுருங்கினால் புதிய ஆள்சேர்ப்பும் சுருங்கும்.

அந்த அடித்தளத்தின் வழியாகத்தான் கல்வி உதவித்தொகையில் படித்த முதல் தலைமுறைத் தலித் பட்டதாரிகள் பலர் இத்துறைக்குள் வந்தனர். பரிந்துரைக்க உறவினரோ, வேலையின்றி ஓராண்டு காத்திருக்கச் சேமிப்போ அவர்களுக்கு இல்லை. கல்லூரி வளாகத் தேர்வே அவர்களுக்கிருந்த வாசல்.

சட்டமும் இங்கே துணைக்கு வருவதில்லை. அரசியலமைப்பின் 16(4)ஆம் பிரிவு அரசுப் பணிகளுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடும் பழங்குடியினருக்கான 1 விழுக்காடும் தனியார் மென்பொருள் நிறுவனத்தின் வாயிலில் நின்றுவிடுகின்றன. தனியார் கல்வி நிறுவனங்களில் இடஒதுக்கீட்டுக்கு 93ஆம் அரசியலமைப்புத் திருத்தம் வழிவகுத்தது. தனியார் வேலைவாய்ப்புக்கு அத்தகைய திருத்தம் இன்றுவரை இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிச் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. தலித் பெயர் கொண்டவர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்கசாதிப் பெயர் கொண்டவர்களைவிடக் குறைவு என அது காட்டியது. இத்தகைய பழைய தேர்வுகளைப் பாடமாகக் கொள்ளும் இயந்திரம் அதே பாகுபாட்டையே கற்கும். விண்ணப்பங்களை வடிகட்ட அமேசான் உருவாக்கிய மென்பொருள் பெண்களின் மதிப்பெண்ணைக் குறைத்ததும், பின்னர் அது கைவிடப்பட்டதும் 2018இல் அம்பலமானது. பாலினத்துக்கு நேர்ந்தது சாதிக்கு நேராது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

எனவே, ‘புதிய திறன்களைக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரை மட்டும் போதாது. ஆள்சேர்ப்பு, ஆட்குறைப்பு விவரங்களை நிறுவனங்கள் சமூகவாரியாக வெளியிட வேண்டும். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள்கள் சாதிப் பாகுபாட்டுக்காகத் தணிக்கை செய்யப்பட வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு ஊதியத்துடன் கூடிய பயிற்சியை அரசு உறுதிசெய்ய வேண்டும். தனியார் துறை இடஒதுக்கீடு என்ற நெடுநாள் கோரிக்கை, வாசல் குறுகிவரும் இக்காலத்தில் முன்னிலும் அவசரமானது.