மழையில் வரும் நம் வீட்டுப் பிள்ளை

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாசலைத் தாண்டவே நாம் யோசிக்கிறோம். அதே நேரத்தில் சென்னைத் தெருக்களில் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், உணவு டெலிவரி செய்யும் இளைஞர்கள். நம் காலனிகளில் படித்து முடித்து, வேலை தேடிப் போன பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

இந்த வேலைக்குச் சிபாரிசு வேண்டாம். பைக்கும் செல்போனும் போதும். ஆனால் மாதச் சம்பளம் கிடையாது, ஆர்டருக்கு ஆர்டர் கூலி. மழைக்கு ஒதுங்கினால் அன்றைய வருமானம் போச்சு. வழுக்கி விழுந்தால் வண்டிப் பழுதும் கைக்காசுதான்.

சாதியும் இவர்களை விட்டுவிடவில்லை. 2022 ஜூனில் லக்னோவில், தன் சாதியைக் கேட்டு உணவை வாங்க மறுத்து அடித்ததாக ஒரு தலித் டெலிவரி ஊழியர் புகார் கொடுத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது.

இணையம் வழி வேலை செய்யும் இத்தொழிலாளர்களுக்கென 2023-ல் தமிழக அரசு தனி நல வாரியம் அமைத்தது. பெயரைப் பதிந்தவர்களுக்குத்தான் அதன் உதவிகள். ஊரிலுள்ள கல்லூரி மாணவர்களே, இந்த வேலையில் இருக்கும் உங்கள் அண்ணன், அக்காக்களைப் பதியச் சொல்லுங்கள். தெரியாதவர்களுக்கு நீங்களே செய்து கொடுங்கள்.

தனிக்குவளையின் அவமானம் நமக்குத் தெரியும். நனைந்து வந்து நம் வாசலில் நிற்பவரிடம் தாமதத்துக்குக் கோபப்படாமல், நாம் குடிக்கும் டம்ளரிலேயே தண்ணீர் கொடுப்போம். நன்றியை அங்கிருந்து தொடங்கலாம்.