வயிற்று வலி பூச்சியாலா?

"அம்மா, வயிறு வலிக்குது!"

பிள்ளை அழுகிறது. சோறு இறங்கவில்லை. "தொக்கம் விழுந்திருக்கும்" என்கிறாள் பாட்டி.

தூத்துக்குடிக் கடற்கரையில் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள். மலம் கலந்த மண்ணில் கொக்கிப்புழு இருந்தால், பாதத்தைத் துளைத்து உள்ளே நுழையும். குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கும். உருளைப்புழுவின் முட்டையோ கழுவாத கை வழியே வயிற்றுக்குள் போகும். பிள்ளை வெளுக்கும், இளைக்கும்.

இதற்கு மருந்து உண்டு. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில், 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பூச்சி மாத்திரை இலவசம். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கிறார்கள்.

ஆனால் எல்லா வலியும் பூச்சி வலி அல்ல! மலச்சிக்கலாலும் வலிக்கும். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினால், அது குடல்வால் நோயாக இருக்கலாம். பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், விடாத வலி இருந்தாலும் ஆபத்து. அப்போது தொக்கம் எடுக்கப் போகக்கூடாது. உடனே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்!