குடிப்படை என்பது யாது?

நாளேடுகளின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் 'மிலீசியா' என்னும் சொல் அடிக்கடி தலைகாட்டுகிறது. லெபனானில் 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கட்சிக்கொரு மிலீசியா இருந்தது. அதே சொல்லைத்தான் சுவிட்சர்லாந்து தன் அரசியலமைப்புச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் தன் தேசப் படைக்கே சூட்டியிருக்கிறது. தெருமுனையில் மணல்மூட்டை அடுக்கி, மாற்று மதத்தாரை மறித்து நின்ற கூட்டத்துக்கும் அதே பெயர். வங்கிக் கணக்கரும் பள்ளி ஆசிரியரும் ஆண்டில் சில வாரம் சீருடை அணிந்து பயிலும் படைக்கும் அதே பெயர்! இஃது எங்ஙனம் நேர்ந்தது? பௌதிகம் பயிலும் எனக்கு வரலாறு சொந்தத் துறையன்று. ஆயினும் சொல்லின் பின்னே போனபோது அது என்னை நெடுந்தொலைவு இழுத்துச் சென்றுவிட்டது. கண்டவற்றை நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்லுகிறேன்.

சொல் இலத்தீனுக்குரியது. படைத்தொழில் என்பதே அதன் முதற்பொருள். ஆண்டு முழுவதும் சம்பளம் வாங்கிக்கொண்டு பாசறையிலேயே வாழும் நிலைப்படைகள் தோன்றிய பின்னரே, அவ்வாறல்லாத மக்கள் படையை மட்டும் அது குறிக்கலாயிற்று. தமிழில் இதனைக் குடிப்படை எனலாம். குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை கண்ட பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படையை ஆறாக வகுப்பார். அவற்றுள் நாட்டுப்படை என்பது நாம் பேசும் பொருளுக்கு அண்மையில் நிற்பது. கூலிப்படையை அவர் தனியே பிரித்து வைத்திருப்பதையும் மறந்துவிட வேண்டா.

குடிப்படை வீரனுக்குப் போர் பிழைப்பு அன்று. அவனுக்கு வேறு தொழில் உண்டு. போர் முடிந்ததும் திரும்பிச் செல்ல ஒரு வீடு உண்டு. துப்பாக்கியைக் காட்டிலும் இந்த வீடுதான் அவனுடைய இலக்கணம் என்பது என் எண்ணம். அந்த வீடு இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு உரோமாபுரியைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

பழைய உரோமாபுரியில் நிலமுள்ளவனே போருக்குப் போகலாம். கேடயமும் ஈட்டியும் அவன் தன் செலவிலேயே வாங்க வேண்டும். வேனிலில் போர், அறுவடைக்கு வீடு. கி. மு. 458இல் நாட்டுக்கு ஆபத்து வந்தபோது ஏருழுது கொண்டிருந்த சின்சின்னாட்டசை அழைத்துச் சர்வாதிகாரம் கொடுத்தார்கள் என்றும், அவர் பகைவரை வென்று பதினாறாம் நாளே பதவியைத் துறந்து ஏருக்குத் திரும்பினார் என்றும் ஒரு மரபுக் கதை வழங்குகிறது. கதை உண்மையோ அன்றோ, அந்த மக்கள் எதனைப் போற்றினார்கள் என்பது அதில் விளங்குகிறது. அவர் வென்றதைவிடத் திரும்பிப் போனதையே அவர்கள் பெரிதாகப் பேசினார்கள்.

ஆனால் உரோமாபுரி வளர்ந்தது. போர்க்களங்கள் ஸ்பெயினுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் நகர்ந்தன. வேனிலில் புறப்பட்டவன் அறுவடைக்குத் திரும்ப இயலவில்லை. ஆண்டுக்கணக்கில் அயல்நாட்டில் கிடந்தான். அவன் இல்லாத வயல் கடனில் மூழ்கிச் செல்வர்களின் பெரும்பண்ணையில் கரைந்தது. அப்பண்ணைகளில் வேலை செய்தவர்களோ அவனே போரில் பிடித்துக் கொடுத்த அடிமைகள்! கி. மு. 133இல் டைபீரியஸ் கிராக்கஸ் உழவர்க்கு நிலம் மீட்டுத்தர முயன்றார், கொலையுண்டார். நிலமுள்ள வீரர் கிடைப்பது அரிதாகவே, படையிற் சேரத் தேவையான சொத்தின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். முடிவில் கி. மு. 107இல் மாரியஸ் என்னும் தளபதி, சொத்தே இல்லாதவரையும் சேர்த்துக்கொண்டார்.

ஏழைக்கும் படையில் இடம் கிடைத்தது நல்லதுதானே என்று கேட்கலாம். கிடைத்தது சரி, ஆனால் போர் முடிந்தபின் அவன் எங்கே போவான்? அவனுக்கு நிலம் வாங்கித்தர வல்லவர் அவனுடைய தளபதி ஒருவரே. ஆதலால் அவனுடைய விசுவாசமும் நாட்டை விட்டுத் தளபதியிடம் சென்றது. இருபதாண்டு கூடக் கழியவில்லை, கி. மு. 88இல் சுல்லா தம் படையுடன் உரோமாபுரியின் மீதே நடந்தார். கி. மு. 49இல் சீசரும் அதே வழியில் வந்தார். குடியரசு மறைந்து பேரரசு பிறந்தது.

இனி, குடிப்படை எப்போது போரில் வெல்லும்? இங்கே விஞ்ஞான மாணவனுக்கும் சிறிது வேலை உண்டு. ஓர் ஆயுதத்தைக் கற்றுக்கொள்ள எத்தனை நாளாகும் என்பதே பெரும்பாலும் விடையைத் தீர்மானிக்கிறது. குதிரைமேல் கவசத்துடன் போரிடுவதற்குச் சிறு வயது முதலே பழக வேண்டும்; செலவும் மிகுதி. ஆகவே அது பிரபுக்களின் உரிமையாயிற்று. நீண்ட ஈட்டியோ உழவனும் சில வாரங்களில் பழகிக்கொள்ளக் கூடியது. தோளோடு தோள் சேர்ந்து, ஓடாமல் நிற்கத் தெரிந்தால் போதும். ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது எளிது. பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கும்போது எப்படி ஓடுவது? 1315இல் மார்கார்ட்டனிலும் 1386இல் செம்பாக்கிலும் சுவிஸ் மலைநாட்டு உழவர்கள் ஆஸ்திரியப் பிரபுக்களின் படைகளை முறியடித்தார்கள். பின்னர் வந்த கைத்துப்பாக்கியும் விரைவில் கற்கத்தக்கதே. 1793 ஆகஸ்டில் பிரெஞ்சுக் குடியரசு நாட்டு மக்கள் அனைவரையும் போர்ப்பணிக்கு அழைக்க முடிந்ததற்குப் புரட்சியின் ஆவேசம் ஒரு காரணம். அந்தத் துப்பாக்கி மற்றொரு காரணம்.

தோல்விகளையும் மறைக்கலாகாது. கூலிப்படைகளை வெறுத்த மாக்கியவெல்லி 1506இல் பிளாரன்சு நகருக்கென ஒரு குடிப்படையைத் தாமே முன்னின்று அமைத்தார். 1512இல் பிராட்டோ என்னுமிடத்தில் தேர்ந்த ஸ்பானிய வீரர்கள் எதிர்ப்பட்டதும் அது சிதறி ஓடியது, குடியரசும் வீழ்ந்தது. 1775 ஏப்ரல் 19இல் லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற அமெரிக்க உழவர்களின் புகழ் உலகறிந்தது. ஆனால் அடுத்த ஆண்டே வாஷிங்டன், குடிப்படையை நம்பி யுத்தம் நடத்த இயலாதென்று காங்கிரசுக்கு எழுதினார். நினைத்தபோது வருகிறார்கள், நினைத்தபோது போகிறார்கள் என்பது அவர் குறை. வீடு இருப்பதன் மறுபக்கம் இது!

அமெரிக்கக் குடிப்படைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1792ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது முதல் 45 வயது வரையுள்ள ஆண்களைப் படையில் பதியச் சொன்னது. ஆனால் வெள்ளையரை மட்டுமே. தென் மாநிலங்களில் அடிமைகள் தப்பி ஓடாமல் காவல் சுற்றுவதும் அப்படையினர் செய்த வேலைகளுள் ஒன்று. 'குடி' என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுவிட்சர்லாந்திலும் அக்கேள்வி எழுந்தது. ஆப்பென்செல் இன்னர்ரோடன் என்னும் சிறு மாநிலத்தில் ஆண்டுக்கொருமுறை குடிமக்கள் திறந்தவெளியில் கூடிக் கையுயர்த்தி வாக்களிப்பார்கள். ஆண்கள் வாக்குரிமைச் சீட்டுக்குப் பதிலாக இடையில் குத்துவாள் செருகி வருவது மரபு. வாள் உள்ளவனுக்கு வாக்கு! கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்களுக்கு வாள் இல்லை, ஆகவே வாக்கும் இல்லை. கூட்டாட்சித் தேர்தலில் சுவிஸ் பெண்கள் 1971இல் வாக்குரிமை பெற்ற பின்னும் இம்மாநிலம் அசையவில்லை. 1990இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே, மறு ஆண்டு, பெண்கள் அந்த மைதானத்தில் வந்து நின்றார்கள்.

மற்றபடி சுவிஸ் ஏற்பாடு வியப்புக்குரியது. இளைஞன் சில மாதம் பயிற்சி பெறுகிறான். பிறகு தன் வேலைக்குத் திரும்புகிறான். குறித்த ஆண்டுகள் வரை சில வாரப் பயிற்சிக்கு மீண்டும் மீண்டும் வருகிறான். துப்பாக்கியைத் தன் வீட்டிலேயே வைத்திருக்கலாம். வீட்டில் தோட்டா வைக்கும் வழக்கத்தை மட்டும் 2007இல் நிறுத்த முடிவு செய்தார்கள். 2013இல் கட்டாயப் படைப்பணியை ஒழிக்கலாமா என்று மக்களையே கேட்டபோது, நூற்றுக்கு 73 பேர் வேண்டாம் என்றார்கள். துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஆணையிடுவது சட்டம். லெபனானில் ஆணையிட்டது கட்சித் தலைவர். பெயர் ஒன்றாயினும் பொருள் இரண்டானது இங்கேதான்.

நம் நாட்டுக்கு வருவோம். இராமநாதபுரம் சேதுபதி சீமையில், அழைத்தபோது ஆயுதத்துடன் வந்து சேர வேண்டும் என்ற கடமைக்கு ஈடாக நிலம் விடப்பட்டது. 'அமரம்' என்பது அதன் பெயர். பாளையங்களிலும் இதையொத்த ஏற்பாடுகள் இருந்தன. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும், கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கும்பினி ஆணையிட்டது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியா முழுவதிலும் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கு மட்டும் விலக்கு. இந்தியரையும் தொண்டர்படையில் சேர்க்கவேண்டும் என்று தொடக்ககாலக் காங்கிரசு கேட்டது இந்த அவமானத்தின் காரணமாகத்தான்.

முதல் உலகப் போர் நெருக்கிய பின், 1917இல், பல்கலைக்கழக மாணவர்க்கென ஒரு சிறு படைப்பிரிவு திறக்கப்பட்டது. கல்கத்தாவில் அதிற் சேர்ந்து பயின்ற மாணவருள் சுபாஷ் சந்திர போஸ் ஒருவர். கால் நூற்றாண்டு கழித்து அவர் தலைமை தாங்கிய இந்திய தேசிய இராணுவத்தில், போர்க்கைதிகளாயிருந்த பழைய சிப்பாய்களுடன், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். 1943இல் அமைந்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களிலும் பலர் அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களே. தாம் கண்டிராத நாட்டுக்காகவும் சிலர் துப்பாக்கி ஏந்தினார்கள்.

1917இல் தொடங்கிய அந்த மாணவர் பிரிவின் வழித்தோன்றலே 1948இல் சட்டமான தேசிய மாணவர் படை. நம் மைதானத்திலும் விடியற்காலையில் "சாவ்தான்", "விஸ்ராம்" என்று கேட்கிறதே, அதுதான். விடுதியில் தூக்கம் கெட்டு முணுமுணுக்கும் நண்பர்கள் ஒரு செய்தி அறிய வேண்டும்: 1968 சனவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில், இந்தக் கட்டளைச் சொற்கள் கூடா என்பதும் ஓர் அம்சம். சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாக்கப்பட்ட இப்படை, 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. சேர்ந்தவரைப் போர்முனைக்கு அனுப்பும் அதிகாரம் இச்சட்டத்தில் இல்லை. ஆகவே இது குடிப்படைக்குப் பள்ளிக்கூடம் போன்றது, குடிப்படை அன்று.

உண்மையான இந்தியக் குடிப்படை பிராந்திய இராணுவம். 1949 அக்டோபர் 9ஆம் நாள் இராஜாஜி, கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, இதனைத் தொடங்கி வைத்தார். வேறு தொழிலில் இருப்போர் ஆண்டில் சிறிது காலம் பயிற்சி பெற்று, நெருக்கடி வந்தால் அழைப்பை ஏற்க வேண்டும். கோவையில் இதன் மதராஸ் பட்டாலியன் ஒன்று இருக்கிறது. இரயில்வேக்கும் எண்ணெய்த் தொழிலுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. 1982இல் அமைந்த ஒரு பிரிவு, சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையடிக்கப்பட்ட முசௌரி மலைகளில் மரம் நட்டது. இத்தனை பெரிய நாட்டில் இப்படையைப் பற்றி நம்மில் பலரும் அறியாதிருப்பது வருந்தத்தக்கதே.

அறிந்திருக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. சத்தீஸ்கர் மாநிலத்தின் தந்தேவாடா வட்டாரத்தில் 2005இல் மாவோயிஸ்டுகளுக்கு எதிராகச் 'சல்வா ஜூடும்' என்னும் இயக்கம் எழுந்தது. பழங்குடி இளைஞர் ஆயிரக்கணக்கானோர் 'தனிக் காவல் அலுவலர்' என்ற பெயரில் துப்பாக்கி கொடுத்து அமர்த்தப்பட்டனர். ஐந்தாம் வகுப்புப் படிப்பே போதும் என்றார்கள். பயிற்சி இரண்டு மாதம். மதிப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். மக்களே எழுந்து தம்மைக் காத்துக்கொள்கிறார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. 2011 ஜூலை 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இவ்வேற்பாடு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கொடுத்த துப்பாக்கிகளைத் திரும்பப் பெறும்படி ஆணையிட்டது.

அத்தீர்ப்பில் நீதிபதிகள் நெடுநேரம் கவலைப்பட்டு எழுதிய பகுதி ஒன்று உண்டு. இந்த இளைஞர்கள் துப்பாக்கியைத் திருப்பித் தர மறுக்கவும் கூடும் என்று அவர்கள் கருதினார்கள். ஊரில் அவர்களுக்குப் பகை முளைத்துவிட்டது. துப்பாக்கி கையில் இல்லாவிட்டால் உயிருக்கே அச்சம். ஆகவே ஆயுதத்தை வாங்கிக்கொள்ளும் அரசாங்கமே அவர்களுடைய உயிருக்கும் பாதுகாப்புத் தரவேண்டும் என்று தீர்ப்பில் சேர்த்து எழுதினார்கள்.