திருப்பயணப் பணம்: கையிலா, அட்டையிலா?

திருச்சிக்கு மேற்கே கரூரிலும், தெற்கே புதுக்கோட்டைப் பகுதியிலும் உரோமைப் பேரரசர்களின் உருவம் பொறித்த காசுகள் கிடைத்திருக்கின்றன. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டுப் பொருள்களுக்கு விலையாக உரோமையின் பணம் இப்பக்கம் வந்தது. இன்றோ காவிரிக் கரையிலிருந்து நம் பங்கு மக்கள் உரோமைக்குப் பணம் கொண்டு செல்கின்றனர். 2024 டிசம்பர் 24ஆம் நாள் புனித பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவு திறக்கப்பட்டதோடு தொடங்கிய யூபிலி ஆண்டில், உரோமை, லூர்து, பாத்திமா எனத் திருப்பயணம் சென்று வந்தோர் நம்மிடையே உண்டு.

பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அமைவது இப்பயணம். சீட்டுப் பிடித்தும், ஓய்வூதியத்தில் மிச்சம் வைத்தும் சேர்த்த அத்தொகையை, வழிச்செலவுக்கு நோட்டுகளாக எடுத்துச் செல்வதா, வங்கி அட்டையில் கொண்டு செல்வதா என்னும் கேள்வி வீட்டுக்கு வீடு எழுகின்றது. சென்று வந்தவர்களுள் இரு குடும்பத்தார் நம்மிடம் கூறிய அனுபவங்களை இங்கே எடுத்துரைப்பது பயன்தரும் என்று எண்ணுகிறோம்.

இரு அனுபவங்கள்

திருவரங்கத்தில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர்தம் துணைவியாரும் 2025ஆம் ஆண்டில் பயணம் சென்றனர். அட்டையில் நம்பிக்கையற்ற அப்பெரியவர், செலவுக்கான பணம் முழுவதையும் யூரோ நோட்டுகளாக வாங்கி, ஒரே துணிப்பையில் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். உரோமைப் பேருந்துகளில் திருடர் நடமாட்டம் மிகுதி என்று வழிகாட்டி எச்சரித்த நேரம் முதல் அவருக்கு நிம்மதியில்லை. லூர்து நகரை அடைந்தபோது பையைத் தங்கும் விடுதியில் விட்டுச் செல்லவும் மனமில்லை. கூட்டத்தில் கட்டிக்கொண்டு செல்லவும் துணிவில்லை. “நீ போய் வா, நான் காவலிருக்கிறேன்” என்று துணைவியாரை அனுப்பிவிட்டார். திருச்சி தெப்பக்குளத்தருகே உள்ள லூர்து அன்னை ஆலயத்தில் சிறுவயது முதல் முழந்தாளிட்டு வளர்ந்தவர் அவர். ஆயினும் மெய்யான லூர்து நகரில் அன்றிரவு நடந்த மெழுகுவர்த்திப் பவனியை அவர் காணவில்லை. அறையில் பையருகே அமர்ந்திருந்தார்.

மற்றவர் பாலக்கரையைச் சேர்ந்த கைம்பெண் தாய் ஒருவர். மகன் கொடுத்த வங்கி அட்டை ஒன்றே அவர் கையில் இருந்தது. வத்திக்கானுக்கு அருகே ஒரு கடையில் பேரப்பிள்ளைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் செபமாலைகள் தேர்ந்தெடுத்து அட்டையை நீட்டினார். இயந்திரம் ஏற்க மறுத்தது. இரண்டாம் முறையும் மறுத்தது. பின்னால் ஆட்கள் நிற்க, செபமாலைகளை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார். எட்டு நாட்கள் அவர் எவரிடமும் இதைச் சொல்லவில்லை. “கேட்க வெட்கமாக இருந்தது, பிள்ளையையும் ஏன் கவலைப்படுத்த வேண்டும் என்று இருந்துவிட்டேன்” என்றார் நம்மிடம். ஊர் திரும்பிய பின்பே காரணம் விளங்கியது. அந்த அட்டை வெளிநாட்டுப் பயன்பாட்டிற்குத் திறக்கப்படவேயில்லை.

ஒருவர் பணமிருந்தும் பவனியை இழந்தார். மற்றவர் பணமிருந்தும் வறியவராய் நடந்தார். இருவரும் நம்பியது ஒரே வழியை. பிழை அங்கேதான் இருக்கின்றது.

ரொக்கத்தின் நிறையும் குறையும்

கையில் உள்ள நோட்டுக்கு மின்சாரமும் வேண்டாம், இரகசிய எண்ணும் வேண்டாம். காணிக்கைப் பெட்டி, மெழுகுவர்த்தி, சிறு தேநீர்க்கடை, கழிப்பறைக் கட்டணம் ஆகியவற்றிற்குச் சில்லறையே கைகொடுக்கும். உரோமை நகராட்சிக்குரிய தங்கல் வரியை விடுதியிலேயே தனியாகச் செலுத்த நேர்வதுண்டு. அதைப் பயண அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. குடிநீருக்கு மட்டும் காசு வேண்டாம். உரோமைத் தெருக்களில் ஓயாது வழியும் குழாய்களின் நீர் பருகத் தக்கது.

ஆனால் நோட்டு தொலைந்தால் தொலைந்ததே. சட்டமும் அதற்கு எல்லை வகுத்துள்ளது. பெரும்பாலான நாடுகளுக்குச் செல்லும் இந்தியர் ஒருவர் ஒரு பயணத்திற்கு 3,000 அமெரிக்க டாலர் அல்லது அதற்கு ஈடான பிறநாட்டு நோட்டுகளையே வாங்கிச் செல்லலாம். அதற்கு மேற்பட்டதை அட்டை முதலிய வழிகளில்தான் பெற வேண்டும். நம் ரூபாய் நோட்டுகளை 25,000 வரை உடன் கொண்டு செல்லலாம். திரும்பி வந்து வீடு சேர அது உதவும். செலவாகாது மீந்த வெளிநாட்டுப் பணத்தை 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். 2,000 டாலர் வரை அடுத்த பயணத்திற்கென வைத்துக்கொள்ள அனுமதியுண்டு.

பணத்தை ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற இடத்திலேயே, கடவுச்சீட்டைக் காட்டி, இரசீதுடன் வாங்குக. விமான நிலையத்தில் கடைசி நேரத்தில் மாற்றினால் விலை பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். இரு நாட்கள் முன்னதாக இரண்டு மூன்று இடங்களில் விசாரித்தால் வேறுபாடு தெரியும். நூறு யூரோ நோட்டுகளைத் தவிர்த்து 5, 10, 20 நோட்டுகளாகக் கேட்டுப் பெறுக.

அட்டையின் நிறையும் குறையும்

அட்டை தொலைந்தால் வங்கிக்குத் தெரிவித்து முடக்கலாம், பணம் பிழைக்கும். ஆயினும் அதில் மூன்று கண்ணிகள் உள்ளன.

முதலாவது, பாலக்கரைத் தாய் அகப்பட்டது. 2020ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணையின்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டில் மட்டுமே செல்லும். வெளிநாட்டில் செல்ல வேண்டுமாயின் உடையவரே வங்கிக்குச் சொல்லியோ, கைப்பேசி வழியாகவோ அதைத் திறந்துகொள்ள வேண்டும். பாதுகாப்புக்கென்று செய்த ஏற்பாடு, அறியாதவர்க்குத் தடையாகிறது.

இரண்டாவது, மறைந்து நிற்கும் கட்டணம். சாதாரண வங்கி அட்டைகள் பலவற்றில் அந்நியச் செலாவணிக்கென 3.5 விழுக்காடு வரை பிடித்தம் உண்டு. ஓர் இலட்சம் ரூபாய் செலவிட்டால் 3,500 ரூபாய்; அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 630 ரூபாய், ஆக 4,130 ரூபாய் பொருளாக அன்றிக் கட்டணமாகவே போய்விடும். ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணமும் சேரலாம்.

மூன்றாவது, கடைக்காரர் கேட்கும் இனிய கேள்வி. “உங்கள் ரூபாயிலேயே கணக்கிடலாமா?” என்று இயந்திரத்தின் திரை கேட்கும். நமக்கு உதவுவது போலத் தோன்றினும், அதற்கென வைத்த மாற்று விலை நமக்குப் பாதகமாகவே இருப்பது வழக்கம். “யூரோவிலேயே” என்று விடை சொல்லுக.

இவற்றைக் குறைக்க, ஃபாரெக்ஸ் கார்டு எனப்படும் பயண அட்டை உதவுகிறது. புறப்படுமுன்பே யூரோவாகப் பணத்தை அதில் ஏற்றிவிட்டால், ஏற்றிய நாளின் விலையே நிலைத்திருக்கும். எவ்வளவு ஏற்றினோமோ அவ்வளவே செலவாகும் என்பதால் மாதக் கடைசியில் அதிர்ச்சி இல்லை. ஏற்றிய நாணயம் ஒன்று, செலவிடும் நாணயம் வேறொன்று என்றால் கூடுதல் கட்டணம் இருக்கலாம்.

காந்தி மார்க்கெட்டில் கீரைக்கும் கைப்பேசியால் பணம் செலுத்திப் பழகிய நமக்கு, அங்கும் அதுவே போதும் என்று தோன்றக்கூடும். பாரிசின் ஈபிள் கோபுரத்தில் 2024 பிப்ரவரியில் நம் யூ.பி.ஐ. முறை தொடங்கியது உண்மையே. ஆனால் ஐரோப்பா முழுவதும் அதை நம்பி வெறுங்கையோடு செல்லலாகாது.

பிரித்து வைத்தலே விவேகம்

ஆகவே நாம் சொல்வது இதுவே: பணத்தை வகையாலும் பிரியுங்கள், கையாலும் பிரியுங்கள். ஒரு தம்பதியர் வழிச்செலவுக்கு 1,000 யூரோ வைத்திருந்தால், 300 யூரோவைச் சிறு நோட்டுகளாக்கி இருவரும் பாதிப் பாதியாக வைத்துக்கொள்ளட்டும். எஞ்சிய 700 யூரோ பயண அட்டையில் இருக்கட்டும். வெளிநாட்டிற்குத் திறக்கப்பட்ட வங்கி அட்டை ஒன்று, ஆபத்துக்கு உதவியாக, மற்றவரிடம் தனியே இருக்கட்டும். அட்டையை முடக்குவதற்குரிய வங்கித் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்திருத்தல் வேண்டும்.

“மற்றவரிடம்” என்று நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல குடும்பங்களில் பயணப் பணம் முழுவதும் கணவர் கையிலேயே உள்ளது. கூட்டத்தில் பிரிந்துவிட்டாலோ, கணவர் நோயுற்றாலோ, அந்நிய நாட்டில் ஒரு குவளைப் பாலுக்கும் வழியின்றி மனைவி நிற்க நேரும். மெழுகுவர்த்தி ஒன்று ஏற்றவும் அவர் கணவரிடம் கையேந்த வேண்டுமோ? அவ்வாறே, முதிய பெற்றோரைத் தனியே அனுப்பும் பிள்ளைகள் அட்டையைக் கொடுப்பதோடு கடமை முடிந்ததாக எண்ணலாகாது. அதைத் திறந்து, உள்ளூர்க் கடையில் அவர்கள் கையாலேயே இரண்டொரு முறை பயன்படுத்தச் செய்து, சில நோட்டுகளையும் கையில் வைத்து அனுப்புக. இடர் வந்தால் உடனே சொல்லும்படி அன்போடு வற்புறுத்துக.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கணக்கில் வராத வெளிநாட்டு நோட்டுகள் திருச்சி விமான நிலையத்தில் பறிமுதலான செய்திகளை நாளிதழ்களில் காண்கிறோம். ‘குருவி’ என்று நம் ஊரார் சொல்லும் அத்தொழிலுக்கு, ஏதுமறியாத முதியோரையும் பயன்படுத்த முயல்வோர் இருக்கக்கூடும். “இந்தச் சிறு பொட்டலத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள், அம்மா” என்று அறிமுகமற்றவர் வேண்டினால் மறுப்பதே அறம். அது இரக்கமின்மை ஆகாது.

பயணத்திற்கு நாள் குறித்துள்ள குடும்பத்தார் ஒரு நாள் இரவு செபமாலை முடிந்ததும் ஒன்றாக அமர்ந்து, எவ்வளவு, எதில், எவர் கையில் என்பதை எழுதிக்கொள்வாராக. அரைமணி நேரம் போதும். சேர்த்த பணத்தைக் காவல் காப்பதற்காக நாம் லூர்து செல்வதில்லை. அன்னையின் முன் நிற்பதற்காகவே செல்கிறோம். திருவரங்கத்துப் பெரியவர் மீண்டும் ஒருமுறை செல்லச் சேமித்து வருகிறார். “இம்முறை பை இருக்காது; மெழுகுவர்த்தி இருக்கும்” என்கிறார்.